மதுரைப் பெயரில் ஒரு மின்நூலகம்: நிறையும் குறையும்

சமயநல்லூரில் உங்கள் தெருவில் கும்மிப் பாட்டுக் கட்டும் பாட்டி ஒருவர் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பாடிய 40 பாட்டுகளை 1998-இல் ஒருவர் கணிப்பொறியில் தட்டச்சு செய்து வைத்தார். இன்று அந்தக் கோப்பைத் திறக்கிறீர்கள். திரையில் தமிழைக் காணோம். பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரிகின்றன. கறையான் தொடாத ஏடு படிக்க முடியாமற் போனது ஏன்?

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர்கள், இருந்த 256 இடங்களுக்குள் தத்தம் விருப்பப்படி தமிழ் வடிவங்களை அடுக்கினார்கள். ஓர் எழுத்துருவில் ‘க’ இருந்த இடத்தில் மற்றொன்றில் ‘ம’ இருக்கும். எழுதியபோது பயன்பட்ட எழுத்துரு கைவசம் இல்லையேல் பாட்டும் இல்லை. யூனிகோடு முறையோ ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண்ணைத் தருகிறது. ‘அ’வின் எண் 2949, சென்னையிலும் அதுதான், சிகாகோவிலும் அதுதான்.

இச்சிக்கலை நேரில் சந்தித்து வென்ற முயற்சி ஒன்று நம் மதுரையின் பெயரையே தாங்கி நிற்கிறது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் முனைவர் கல்யாணசுந்தரம் 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம்’ என்பதே அது. பல நாடுகளில் வாழும் தொண்டர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சு செய்தனர். வேறு சிலர் பிழை திருத்தினர். கோப்புகள் முதலில் மயிலை, இணைமதி எழுத்துருக்களிலும், பின்னர் டிஸ்கி என்னும் குறியீட்டிலும், அதன்பின் யூனிகோடிலும் வெளிவந்தன. குறியீடு மாறியபோதெல்லாம் பழைய கோப்புகளையும் மாற்றிக்கொண்டதால்தான் அவை இன்றும் பிழைத்திருக்கின்றன.

இத்திட்டத்தின் முதற்சிறப்பு அதன் எளிமையே. 1971-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தைப் போல இதுவும் அலங்காரமற்ற எழுத்தை நம்பியது. இதன் சிக்கனத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். யூனிகோடை வழக்கமான யூ.டி.எப்.-8 வடிவில் சேமித்தால் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டு ஆகும். ஒரு குறளுக்கு 60 குறியீடுகள் என்று தாராளமாக வைத்தாலும், 1330 குறளுக்கும் 2,39,400 பைட்டே தேவை. கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமோ பெரும்பாலும் இருபது இலட்சம் பைட்டைத் தாண்டும். அத்துடன், ஏட்டைப் படமெடுத்து அனுப்பினால் அதில் ஒரு சொல்லைத் தேட இயலாது. எழுத்தாக இருந்தால் நொடியில் தேடலாம்.

இரண்டாவது சிறப்பு, கோப்பின் தலைப்பில் உள்ள குறிப்பு. தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயர்கள் அதில் உள்ளன. அக்குறிப்பை நீக்காமல் யாரும் கோப்பைத் தாராளமாக வழங்கலாம் என்ற அனுமதியும் உண்டு. உழைத்தவருக்கு மதிப்பு, படிப்பவருக்கு உரிமை. இரண்டும் சில வரிகளில் அடங்கிவிட்டன.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கோப்பின் பெயர் வெறும் வரிசை எண்ணாக இருப்பதால், இறக்கி வைத்தபின் எது எந்த நூல் என்று திறந்துதான் பார்க்க வேண்டும். தமிழ் நூலுக்குரிய தலைப்புக் குறிப்பு பல கோப்புகளில் ஆங்கிலத்தில் இருப்பது தமிழ்வழி மாணவருக்கு இடைஞ்சல். எல்லாவற்றிலும் பெரிய குறை, தொடக்கக் காலக் கோப்புகள் சிலவற்றில் எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்து எழுதினார்கள் என்ற விவரம் இல்லாமை. உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்துப் பதிப்பித்தவர். மூலம் இன்னதென்று தெரியாவிட்டால் ஒரு பிழையை எதனோடு ஒப்பிட்டுத் திருத்துவது? அச்சுப்பிழை ஒரு பதிப்போடு நிற்கும். மின்கோப்பின் பிழையோ ஆயிரம் பிரதிகளாகப் பரவும்.

இத்திட்டம் பெரும்பாலும் பழைய நூல்களுக்கானது. இன்று எழுதுவோருக்கு 2013-இல் தொடங்கிய ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ போன்ற முயற்சிகள் வழி திறந்துள்ளன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ், ஆசிரியர் இசைவுடன் அங்கே நூல்கள் இலவசமாக வெளியாகின்றன.

ஆனால் நம் தெருவின் கும்மிப் பாட்டை லொசானில் இருப்பவர் வந்து எழுதமாட்டார். நீங்கள்தான் எழுத வேண்டும். கைப்பேசி போதும். யூனிகோடில் எழுதுங்கள். கோப்புக்கு ‘2025-01-14-கும்மி-சமயநல்லூர்’ என்பதுபோல் பெயரிடுங்கள். ஆண்டை முதலில் வைத்தால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். பாடியவர் யார், எங்கே, என்று, எழுதியவர் யார், பிறர் எடுத்தாள அவர் இசைந்தாரா என்பவற்றை முதல் ஐந்து வரிகளில் தமிழில் குறியுங்கள். ஒரு பிரதியை வேறோர் இடத்திலும் வையுங்கள்.

கருவி எளியதுதான். பாடியவர் இருக்கும்போதே அதைக் கையில் எடுப்பதுதான் முக்கியம்.