இன்னோவாவுக்கு ஸ்பேசர்: வெளியே தெரியாத ஐந்து நட்டுகள்

மேலப்பாளையத்தில் குடும்ப வண்டி என்றால் இன்னும் இன்னோவாதான். 2005இல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை வண்டியை, 2016இல் கிரிஸ்டா வந்த பிறகும் விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய. எட்டுப் பேர் ஏறலாம், மேலே கேரியரில் சாமான் கட்டலாம், பொட்டல்புதூருக்கும் ஆத்தங்கரை பள்ளிவாசலுக்கும் சீசனில் குற்றாலத்துக்கும் ஒரே வண்டியில் போய் வரலாம். இந்த வண்டிகளில் சிலவற்றின் சக்கரங்கள் கொஞ்ச நாளாக மட்காடுக்கு வெளியே எட்டிப் பார்க்கின்றன. டயரை மாற்றவில்லை, ரிம்மை மாற்றவில்லை. உள்ளே ஒரு அலுமினிய வட்டு போயிருக்கிறது. வீல் ஸ்பேசர்.

"ஸ்பேசர் போட்டா காத்துல வண்டி அலம்பாதுன்னு சொல்லுதாங்களே, நெசமா?" என்று கேட்ட நண்பரின் 2012 இன்னோவாவிலேயே 20 மி.மீ. ஸ்பேசர்களை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். முதலில் நான்கு சக்கரங்களிலும் போட்டோம். பிறகு முன்பக்கம் கழற்றிவிட்டுப் பின்பக்கம் மட்டும். வண்டி அவருடையது, இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரெஞ்ச் என்னுடையது, பட்டறை எங்கள் இருவருக்கும் பழக்கமான மெக்கானிக் பாயுடையது.

ஸ்பேசரில் இரண்டு சாதி உண்டு. 3 முதல் 5 மி.மீ. வரையிலான மெல்லிய தட்டை ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே செருகிவிட்டு, ஹப்பிலிருந்து நீளும் மரைக்கம்பியான பழைய ஸ்டட்டிலேயே நட்டை மாட்டுவது ஒன்று. மலிவு, எளிது, இன்னோவாவுக்கு ஆகாது. காரணம் ஸ்டட்டின் கணக்கில் இருக்கிறது. இன்னோவாவின் ஸ்டட் 12 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1.5 மி.மீ. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அந்த அளவுக்காவது நட்டு மரையைப் பிடித்திருக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கு. அப்படியானால் கையால் சுற்றும்போது நட்டு எட்டுச் சுற்றாவது போக வேண்டும். 5 மி.மீ. தட்டு அதில் மூன்று சுற்றுக்கு மேல் தின்றுவிடும். நீளமான ஸ்டட் அடித்து மாற்றாமல் அதைப் போடுவது தெரிந்தே வம்பை வாங்குவது.

இரண்டாவது சாதி 15, 20, 25 மி.மீ. தடிமனில் வரும் போல்ட்-ஆன் வகை. ஸ்பேசரை ஹப்பின் ஐந்து ஸ்டட்டுகளில் மாட்டி ஐந்து நட்டு போட வேண்டும். ஸ்பேசரிலேயே வேறு ஐந்து ஸ்டட்டுகள் இருக்கும். சக்கரம் அவற்றில் ஏறும். நாங்கள் எடுத்தது இதைத்தான். ஒரு நல்ல டயரின் விலைக்குள் ஒரு ஜோடி கிடைக்கிறது.

வாங்கும்போது கடைக்காரர் தடிமனைத்தான் கேட்பார். நாம் கேட்க வேண்டியது நடு ஓட்டையின் அளவு. முதல் தலைமுறை இன்னோவாவுக்கும் கிரிஸ்டாவுக்கும் ஸ்டட் வட்டம் ஐந்துக்கு 114.3, ஹப்பின் நடுவிட்டம் 60.1 மி.மீ. 'எல்லா வண்டிக்கும் ஆகும்' என்று விற்கும் ஸ்பேசர் பலவற்றில் நடு ஓட்டை 73.1 மி.மீ. சுற்றிலும் ஆறரை மி.மீ. காலி. மாட்டிவிடலாம், நட்டும் இறுகிவிடும். ஆனால் வட்டு ஹப்பின் நடுவில் உட்காராமல் எந்தப் பக்கமாவது ஒரு மயிரிழை தள்ளி உட்காரும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும். வீல் பேலன்ஸ் போட்டுப் போட்டுப் பணம்தான் கரையும், நடுக்கம் போகாது. வட்டின் உள்பக்கம் 60.1க்குக் கடைந்ததாக இருக்க வேண்டும். வெளிப்பக்கம் சக்கரத்தின் ஓட்டைக்குப் பொருந்தும் உதடும் இருக்க வேண்டும். வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

"லேத்துல குடுத்தா பாதி விலைக்குக் கடைஞ்சு தாரான்" என்று யோசனை சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். நம் ஊர் லேத் பட்டறைக்காரர்களின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்கள் கையில் கிடைக்கும் உலோகத்தில்தான் சந்தேகம். இந்த வேலைக்கு 6061-டி6 போன்ற சூட்டில் பதப்படுத்திய அலுமினியம் வேண்டும். உருக்கி வார்த்த அலுமினியத்தில் உள்ளே காற்றுப் புரை இருந்தால் வெளியே தெரியாது. வெளியே தெரியும் நாளில் சக்கரம் வண்டிக்கு முன்னால் உருண்டுகொண்டிருக்கும்.

மாட்டும் வேலையில் பாதி நேரம் துருவோடு போயிற்று. சக்கரத்தைக் கழற்றி, ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்தோம். இது வெறும் சுத்தம் பார்க்கும் விஷயமில்லை. சக்கரத்தை ஸ்டட் தாங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். நட்டு இறுகும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது, அந்த இழுப்பு சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்துகிறது, அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. நடுவே துருப்பொடி இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கும். நசுங்கினால் இழுப்பு தளரும், அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் வளைந்து நிமிரும். 205/65 ஆர்15 டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 490 முறை சுற்றுகிறது. மேலப்பாளையத்திலிருந்து குற்றாலம் போய்ச் சேர்வதற்குள் 25 ஆயிரம் முறைக்கு மேல். இரும்புக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தே ஒடித்துப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

மரையில் கிரீஸ் தடவலாமா என்று பாய் கேட்டார். கூடாது. கிரீஸ் போட்டால் உராய்வு குறையும், அதே திருகலில் ஸ்டட் அளவுக்கு மேல் இழுபடும். ஏர் கன்னும் வேண்டாம் என்றதும் பாய்க்குக் கொஞ்சம் வருத்தம். டொயோட்டா பயணிகள் வண்டிகளில் வழக்கமான இறுக்கம் 103 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே இறுதி. அரை மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 21 கிலோ எடையை வைத்தால் வரும் திருகல் அது. காலால் ஏறி மிதித்தால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு போய்விடும். நட்சத்திர வரிசையில், ஒன்றுவிட்டு ஒன்றாக, முதலில் பாதி இறுக்கம், பிறகு முழு இறுக்கம். ஸ்பேசருக்கு ஒரு முறை, சக்கரத்துக்கு ஒரு முறை. நட்டின் அடி வடிவமும் முக்கியம்: சில கம்பெனி அலாய் வீல்களுக்கு வாஷரோடு கூடிய தட்டை நட்டு, ஸ்பேசரோடு வரும் நட்டுகள் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. இரண்டையும் கலந்தால் நட்டு விளிம்பில் மட்டும்தான் உட்காரும்.

அடுத்து நடந்தது எந்த விளம்பரத்திலும் வராத விஷயம். ஸ்பேசரை மாட்டியபின் பழைய ஸ்டட்டுகளின் நுனி வட்டின் முகத்துக்கு மேலே சில மில்லிமீட்டர் துருத்தி நின்றது. அலாய் வீலின் பின்புறத்தில் ஓட்டைகளுக்கு நடுவே பள்ளங்கள் இருந்ததால் நுனிகள் அதற்குள் அடங்கிவிட்டன. எதற்கும் பார்ப்போம் என்று அடியில் தொங்கிய ஸ்டெப்னியை இறக்கி வைத்துப் பார்த்தோம். அது இரும்பு ரிம். பள்ளம் கிடையாது. ஸ்டட் நுனிகளில் தட்டி, வட்டில் படியாமல் எம்பி நின்றது. அதாவது, களக்காட்டு ரோட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது பஞ்சரானால், ஸ்டெப்னியை மாட்டும் முன் ஸ்பேசரையும் கழற்றியாக வேண்டும். கழற்றினால் பழைய நட்டுகள் கையில் இருக்க வேண்டும். ஸ்டட் நுனியை கிரைண்டரில் வெட்டிவிடலாம் என்பார்கள். வெட்டினால் பிறகு ஸ்பேசர் இல்லாமல் ஓட்டும் நாளில் மரை போதாமல் போகும்.

இனி ஓட்டம். தருவை, முன்னீர்பள்ளம், சேரன்மகாதேவி வழியாக அம்பை ரோடு. காவல்கிணறிலிருந்து நாகர்கோவில் பக்கம் திரும்பி முப்பந்தல். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்குத்தானே இந்த ஏற்பாடே.

நான்கிலும் ஸ்பேசர் இருந்தபோது ஸ்டீயரிங் தெளிவாகக் கனத்தது. பள்ளத்தில் ஒரு பக்கச் சக்கரம் விழுந்தால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுத்தது. சக்கரம் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் 20 மி.மீ. கூடிப்போனதன் விளைவு இது. கம்பெனி கணக்குப் பார்த்து வைத்த தூரம் அது. ஆள் நிறைந்து முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது முன் டயரின் தோள் உள் மட்காடில் உரசியது. பேரிங் மீது விழும் பாரமும் அந்த அளவுக்கு வெளியே நகர்கிறது. எட்டுப் பேரும் சாமானும் ஏறினால் இரண்டு டன்னைத் தாண்டும் வண்டி இது. முன்பக்க ஸ்பேசர்களை அன்றே கழற்றச் சொல்லிவிட்டேன்.

பின்பக்கம் மட்டும் இருந்தபோது தொந்தரவு குறைவு. பார்வைக்கு வண்டி அழகாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னோவாவின் பின்சக்கரங்கள் உள்ளே ஒடுங்கித் தெரிவது எனக்கும் பிடிக்காது. காற்றில் அலம்பும் அந்த ஆட்டம் குறைந்ததா? ஓரளவு குறைந்ததுபோல் இருந்தது, ஆனால் கணக்கு அந்த நினைப்பைத் தாங்கவில்லை. சக்கர இடைவெளி சுமார் ஒன்றரை மீட்டர் உள்ள வண்டியில் பக்கத்துக்கு 20 வீதம் 40 மி.மீ. என்பது மூன்று சதவீதத்துக்கும் குறைவான கூடுதல். வேகத்தை 100இலிருந்து 80க்கு இறக்கினால், அதே வளைவில் வண்டியை வெளியே தள்ளும் விசை 36 சதவீதம் குறைகிறது. கேரியரில் உள்ள சாமானைக் கீழே இறக்கி வைத்தாலும், டிரைவர் பக்கக் கதவுத் தூணில் உள்ள சீட்டின்படி காற்று அடித்தாலும் முப்பந்தலில் ஸ்பேசரைவிட நல்ல பலன் தெரிந்தது. இவற்றுக்குச் செலவு இல்லை. மழையில் பின்கதவு முழுக்கச் சேறு வாரியடித்தது தனிக்கதை. நம் ஊர்ச் சந்துகளில் ஓடைக்கல்லை முதலில் தொடுவதும் இனி ரிம்தான்.

மாட்டிய பின் 80 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. பார்த்தோம். சக்கர நட்டுகள் அசையவில்லை. உள்ளே இருக்கும் ஸ்பேசர் நட்டுகளில் சில, கால் சுற்றுக்கும் குறைவாக நகர்ந்து பிறகு நின்றன. முகங்கள் படிந்து உட்கார்வதால் வருவதுதான் இது, பயப்பட ஏதுமில்லை. ஆனால் அந்த உள் நட்டுகளை இறுக்க ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். வீல் அலைன்மெண்ட் கடையிலும் பஞ்சர் கடையிலும் வெளியே தெரியும் ஐந்தை இறுக்கி அனுப்பிவிடுவார்கள். உள்ளே ஐந்து இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இந்தப் பண்டத்தின் பெரிய குறை என்று நான் சொல்வது இதைத்தான்: கவனம் மிக அதிகம் வேண்டிய நட்டுகள் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாகவே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்பேசர் என்ற சொல் 52ஆம் பிரிவில் இல்லை. ஆனால் 15 ஆண்டு கடந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது, மட்காடுக்கு வெளியே நிற்கும் டயரைப் பார்க்கும் ஆய்வாளருக்குப் பதில் சொல்ல உங்களிடம் எந்தக் காகிதமும் இருக்காது. ஜெர்மனியில் எச்&ஆர், ஐபாக் போன்ற கம்பெனிகள் டியூவி சான்றோடு ஸ்பேசர் விற்கின்றன; போர்ஷே தன் 911 காருக்கு 5 மி.மீ. ஸ்பேசரை நீளமான போல்ட்டோடு தானே கொடுத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வாகன மாற்ற விதிகளோ கம்பெனியிலிருந்தே வராத ஸ்பேசரை ஏற்பதில்லை. இங்கே எழுதித் தெரிவிக்காத மாற்றம் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் நேரத்தில் தகராறுக்கு வழி. எட்டுப் பேர் போகும் வண்டியில் அது சின்ன விஷயம் இல்லை.

என் தீர்ப்பு: முன்பக்கம் வேண்டவே வேண்டாம். பின்பக்கமும் அழகுக்குத்தான், ஆட்டத்துக்கு மருந்தல்ல. சக்கரம் வெளியே வரத்தான் வேண்டுமென்றால், கம்பெனி அனுமதித்த அளவுக்குள் ஆஃப்செட் (ஹப்பில் படியும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து தள்ளி நிற்கும் தூரம்) உள்ள ரிம் வாங்குங்கள். வண்டிக்கு ஐந்து நட்டே போதும். ஏற்கெனவே ஸ்பேசர் மாட்டிவிட்டவர்கள் இந்த வாரமே சக்கரத்தைக் கழற்றி உள் நட்டுகளை டார்க் ரெஞ்சில் பாருங்கள், ஸ்டெப்னி உட்காருகிறதா என்றும் பாருங்கள். நண்பர் தம் ஸ்பேசர்களைக் கழற்றிவிட்டு, அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டுப் பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார். வண்டி இப்போது அலம்பவில்லை.