அறிந்ததைத் திருப்பி வாங்க முடியுமா?

ரிச்சர்டு கார்ஃபீல்டு வகுத்து 1993-இல் வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் சீட்டாட்டத்தின் போட்டிகளில், கைப்பிசகாக நேரும் தவறுகளை நடுவர்கள் இன்று தீர்த்துவைக்கும் முறை மிகுந்த தயை வாய்ந்ததென்றும், ஆதலால் அதில் குறை காண இடமே இல்லையென்றும் அதன் அபிமானிகள் வாதிக்கக் கேட்கிறோம். தயை வாய்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தவறுதலாக ஒரு சீட்டு அதிகமாக எடுத்துவிட்டவன் முன்னாளில் அந்த ஆட்டத்தையே இழந்தான். இன்றோ எதிராளி அவன் கைச்சீட்டுகளைப் பார்த்து, தான் விரும்பிய ஒன்றைக் கட்டுக்குள் கலக்கச் செய்வதோடும் ஓர் எச்சரிக்கையோடும் காரியம் முடிந்துவிடுகிறது. வஞ்சனைக்குப் போட்டியிலிருந்தே நீக்கம், அஜாக்கிரதைக்கு எச்சரிக்கை என்ற பாகுபாடும் நியாயமானதே.

ஆயினும், தவறு நேர்ந்த கணத்துக்கே ஆட்டத்தைப் பின்னோக்கி நகர்த்திவிடும் வழக்கத்தை என்னால் எக்காலத்திலும் ஒப்ப முடிந்ததில்லை. சீட்டை இடுவதற்குச் செலவிட வேண்டிய மந்திர சக்தியாகிய 'மானா' போதிய அளவு இல்லாமலே ஒருவன் ஒரு மந்திரச் சீட்டை இடுகிறான். அதைக் கவனியாத எதிராளி, அதுவரை மறைத்துவைத்திருந்த 'கவுண்டர்ஸ்பெல்' சீட்டைக் காட்டி அதைத் தடுக்கிறான். அதன் பின்னரே பிழை வெளிப்படுகிறது. நடுவர் ஆட்டத்தைப் பின்னோக்கி நகர்த்தினால் இரண்டு சீட்டுகளும் உரியவர் கைக்குத் திரும்புகின்றன. ஆனால் எதிராளி என்ன வைத்திருக்கிறான் என்ற இரகசியத்தைத் தவறு செய்தவன் விலையின்றிப் பெற்றுவிடுகிறான். போதாக்குறைக்கு, கவனிக்கத் தவறியதற்காக அந்த எதிராளிக்கும் ஓர் எச்சரிக்கை! இடையில் எவரேனும் சீட்டு எடுத்திருந்து, அது இன்னதென்று மற்றவர் அறியாவிடில், அவன் கையிலிருந்து ஏதோ ஒரு சீட்டு குருட்டாம்போக்கில் உருவப்பட்டுக் கட்டின் மேல் வைக்கப்படுகிறது. போனது எது என்பதைத் தன் கையைப் பார்த்தே அறிந்துகொள்ளும் அவன், அடுத்துத் தனக்கு வரப்போவது எது என்பதையும் உடன் அறிந்துகொள்கிறான்.

பெற்ற அறிவு ஆட்டத்தின் போக்கை மாற்றாத இடங்களில் மட்டுமே இவ்வாறு செய்ய வேண்டுமென விதிகளே கூறுகின்றனவே, தலைமை நடுவரின் அனுமதியும் தேவையாயிற்றே என்பார்கள். போக்கு மாறாது என்று துணிவதற்கு, இருவர் மனத்திலும் உள்ள யுக்திகளை அந்நியர் ஒருவர் சில நிமிஷங்களில் அளந்தாக வேண்டும். அது எத்தகைய பண்டிதருக்கும் சாத்தியமன்று. ஆகவேதான் ஒரே தவறுக்கு இரண்டு நடுவர்கள் இரண்டு தீர்ப்பு அளிக்கிறார்கள், இரண்டும் விதிப்படி சரியே என்று எண்ணப்படுகின்றன. எவர் நடுவராய் வந்து வாய்த்தார் என்பதே வெற்றி தோல்வியை நிர்ணயிக்குமானால், அதை நீதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மறைவாயிருந்த ஒரு சீட்டு வெளிப்பட்டபின், அல்லது புதுச் சீட்டு ஒன்று கைக்கு வந்தபின், ஆட்டத்தை இருந்தபடியே நடக்க விடுவதுதான் முறை. தவறியவனே சில வேளை அதனால் லாபம் அடைவான் என்ற ஆட்சேபம் மெய்தான். ஆனால் அதே வகைப் பிழை ஒரே நாளில் மூன்றாம் முறை நேர்ந்தால் ஆட்டத்தை இழக்க வேண்டுமென்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அந்த மூன்றை இரண்டாகக் குறைத்தாலும் எனக்குச் சம்மதமே.