கை மட்டும் தெரியும் நாயகன்

மழை பிடித்தால் லேசில் விடாத ஊர் பந்தலூர். தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பொழுதுக்குப் படக்கதையை மிஞ்சிய துணை இல்லை. எனக்கு அது இரும்புக்கை மாயாவி. பிரிட்டனின் வேலியன்ட் இதழில் 1962-இல் பிறந்தவன், 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழ் வழியே நம்மவனாகிவிட்டான்.

மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்துபோகும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ கறுப்பு மையில் அந்தக் கையைத் தீட்டியிருக்கும் அழகே அழகு! விரல் மடிந்திருக்கும் விதத்திலேயே ஆள் பதுங்குகிறானா, பாய்கிறானா என்று தெரிந்துவிடும். மிச்ச உடம்பை வாசகர்தான் மனத்துக்குள் வரைந்துகொள்ள வேண்டும்.

சினிமாவுக்கு இந்தச் சலுகை கிடையாது. எல்லாம் அசைந்தாக வேண்டும். மிஷ்கினின் 'முகமூடி' (2012) குங்ஃபூவை நம்பியது. மடோன் அஸ்வினின் 'மாவீரன்' (2023) இன்னும் நுட்பமானது. படக்கதைக் கட்டத்தின் மேலே கதைசொல்லிக்கென்று ஒரு பெட்டி இருக்குமே, அதை விஜய் சேதுபதியின் குரலாக்கிவிட்டார்கள். குரல் கேட்டதும் சிவகார்த்திகேயன் அண்ணாந்து பார்க்கிறார், கட்டத்துக்குள் இருப்பவர் அந்தப் பெட்டியைப் பார்ப்பதுபோலவே. படக்கதையின் மொழியைத் திரைக்குக் கொண்டுவந்ததில் இதற்கு ஈடாகத் தமிழில் நான் வேறெதையும் பார்க்கவில்லை.