கெசட்டில் வந்த உம்மா

மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன நம் பெண்களைப் பற்றி இலங்கைத் தமிழில் கவிதைகளும் கதைகளும் நிறைய வந்துவிட்டன. அநேகமாக எல்லாவற்றிலும் அவள் அழுகிறாள். வீட்டுக்காரி அடிக்கிறாள், சம்பளம் வரவில்லை, கட்டினவன் காசை அழிக்கிறான், திரும்பி வந்த உம்மாவைப் பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் வாசித்து முடிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி மிஞ்சும்: அந்தப் பெண் தன் வாயால் ஒன்றுமே சொல்லவில்லையா?

சொன்னாள். நாம்தான் அதை இலக்கியக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் மூதூர்க்காரி. என்ட உம்மா 1988இல் சவூதிக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. மூதூரில் லாஞ்சி ஏறி, கொட்டியாரக் குடாவைக் கடந்து, திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து கொழும்புக்கு பஸ். உம்மா போன அதே கடல் வழியில்தான் அவவின் கெசட்டும் வந்தது. லீவில் வருகிற யாராவது ஒருத்தியின் பையில், நிடோ டின்னுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் இருக்கும்.

அவற்றில் ஏழு இன்னும் எங்களிடம் உண்டு. போன வருசம் அவற்றைக் கேட்டு எழுத்தில் இறக்கினேன். அப்போதுதான் அது வெறும் சுகசேதி இல்லை, ஒழுங்கு தெரிந்து கட்டிய ஒரு பிரதி என்பது எனக்கு விளங்கியது.

பக்கத்துக்கு முப்பது நிமிசம், இரண்டு பக்கம். முதல் பக்கம் பெரியவர்களுக்கு. சலாம் சொல்லி, வயது ஒழுங்கில் மூத்தம்மா, வாப்பா, மாமி என்று ஒவ்வொருத்தராகக் கூப்பிடுவா. ஆளுக்கு ஆள் குரல் மாறும். வாப்பாவிடம் கடன் கணக்கு, கூரை ஓடு. மாமியிடம் சிரிப்பு. இரண்டாம் பக்கம் பிள்ளைகளுக்கு. எனக்கு எப்போதும் சமையலில் தொடங்கும்: “மகள், மீன் ஆணத்துக்குப் புளியக் கடைசியில ஊத்துங்க. மூத்தம்மா முதல்லயே ஊத்தச் சொல்லுவா. நான் வந்து ரெண்டையும் திண்டு பாக்கன்.” இந்த மூன்று வசனத்தில் ஒரு பாடமும், மாமியார் மருமகள் வழக்கும், திரும்பி வருவேன் என்ற வாக்கும் இருக்கின்றன.

தம்பிக்கு ஒரு ஒட்டகக் குட்டியின் கதை. பக்கம் முடிகிற இடத்தில் குட்டி எப்போதும் ஆபத்தில் நிற்கும். அடுத்த கெசட் வர நாலைந்து மாதம் ஆகும். அதுவரை தம்பியே அதைக் காப்பாற்றிக்கொண்டு இருப்பான். நாங்கள் அனுப்பிய பதில் கெசட்டில் அவன் சொன்ன முடிவை உம்மா ஏற்று, அங்கிருந்து கதையை நகர்த்தினா. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு தாயும் மகனும் சேர்ந்து கட்டிய கதை அது. தாய் வீட்டில் இல்லாவிட்டால் குடும்பம் இல்லை என்பவர்கள் உண்டு. 2013இல் அரசு கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கையும் ஏறக்குறைய அந்த நினைப்பில் எழுந்ததுதான். இந்தக் கெசட்டை வைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு பாதிதான் சரி.

கேரளத்து மாப்பிளை முஸ்லிம்களிடம் கத்துப் பாட்டு என்று ஒரு வகை உண்டு. கடிதமே பாட்டாக வருவது. 1970களின் பிற்பகுதியில் எஸ். ஏ. ஜமீல் பாடிய துபாய் கத்து, வளைகுடாவிலுள்ள கணவனுக்கு மனைவி எழுதும் கடிதம். அதற்குக் கணவனின் பதிலும் பாட்டாக வந்தது. அதை அந்தச் சமூகம் தன் இலக்கியமாக ஏற்று, ஆராய்ந்தும் எழுதியிருக்கிறது. அங்கே போனவன் ஆண், காத்திருந்தவள் பெண். நம் நாட்டில் 1990களில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடிதத்தின் திசையே மாறிவிட்டது. அந்த மாற்றத்துக்கு நம் திறனாய்வில் ஒரு பெயர்கூட இல்லை.

பெயர் வைக்க நமக்குத் தெரியாதா என்ன? கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் எல்லாவற்றையும் தமிழாக்கிக்கொண்ட சமூகம் இது. ம. மு. உவைஸ் போன்றவர்கள் தேடி வரிசைப்படுத்தியதால்தான் அவை வரலாறாயின. நிந்தவூர் எஸ். முத்துமீரான் எழுத்தில் இறக்கியதால் கிழக்கின் வாய்ப்பாட்டும் நூலேறியது. உம்மா ஒவ்வொரு கெசட்டையும் துஆவில்தான் முடிப்பா. மூத்தம்மா ஓதிய முனாஜாத்தின் ராகம் அதில் அப்படியே கேட்கும். பழைய மரபுதான் புதுக் கருவியில் ஏறியிருக்கிறது.

‘கஷ்டத்தை அழகாக்கிக் காட்டுகிறீர்கள்’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. கெசட்டின் நடுவே ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், பதிவை நிறுத்தித் திரும்பத் தொடங்கிய அடையாளம். ஏழிலும் சேர்த்து 41 இடங்களில் அதை எண்ணினேன். அநேகமானவை தம்பியின் பெயரைச் சொன்ன உடனே. அழுகை வந்த இடத்தை உம்மா வெட்டியிருக்கிறா. அவ வெட்டி எடுத்த கண்ணீரைத்தான் நம் கவிஞர்கள் திரும்பத் திரும்ப ஒட்டுகிறார்கள். துயரத்தைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று முடிவெடுத்தவளும் ஒரு படைப்பாளி என்கிறேன்.

எங்கள் ஊர் றிசானா நபீக்கை நினைக்காமல் இதை எழுத முடியாது. 2005இல் போன பிள்ளை. பிறப்புச் சான்றிதழின்படி 17 வயது. 2013 ஜனவரி 9இல் தண்டனை நிறைவேறியது. அவருடைய வார்த்தைகளை மொழிபெயர்த்த விதம் பற்றி வழக்கில் எழுந்த கேள்வி இன்னும் ஆறவில்லை. பிறகு அவருக்காக எத்தனையோ கவிதைகள் எழுதினோம். உயிரோடு இருக்கிறபோதே ஒரு பெண்ணின் சொல்லை அவள் சொன்னபடி கேட்கப் பழகுவது அதைவிடப் பெரிய கடமை.

2006 ஓகஸ்டில் மூதூரே கந்தளாய்க்கு நடந்தபோது, உம்மா காணி உறுதியோடு ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்ததால்தான் இந்த ஏழும் தப்பின. எத்தனையோ வீட்டில் தப்பவில்லை. மிஞ்சியவற்றிலும் நாடா பூஞ்சணம் பிடிக்கிறது. அலுமாரியைத் திறந்து பாருங்கள். இருந்தால் பிரதி எடுங்கள், எழுதிவையுங்கள். ஆனால் முதலில் பேசினவவிடம் கேளுங்கள்.

நானும் கேட்டேன். “வாப்பாக்குப் பேசினது எங்களோட இரிக்கட்டும் மகள்,” என்றா உம்மா. “ஒட்டகத்த வேணுமெண்டா எல்லாருக்கும் குடுங்க.”