ஆடக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்க் குடும்பங்கள் படம் பார்ப்பது இரண்டு விதமாக நடக்கிறது. பெரிய நடிகரின் படம் வெளியானால் பாட்டி முதல் கைப்பிள்ளை வரை வேனில் ஏறித் திரையரங்குக்குப் போவது ஒன்று. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் கார்ட்டூன் படத்துக்குக் கூட்டிப்போய், பாதியில் அப்பா தூங்கிவிடுவது மற்றொன்று. முதல் வகையில் பிள்ளைகள் பெரியவர்களின் படத்தைப் பார்க்கிறார்கள். இரண்டாம் வகையில் பெரியவர்கள் எதையும் பார்ப்பதில்லை. இரு தரப்பும் ஒரே படத்தைப் பார்த்து, வீடு திரும்பும் வழியில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வது அரிது. ஒரு பிள்ளை தன் பெற்றோரிலிருந்து வேறுபட்ட மனமும் ஆசையும் உள்ள தனி ஆள் என்பதை அந்தப் பிள்ளையோடு சேர்ந்தே பேச உதவும் படங்கள் எவை? நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவற்றை இங்கே ஒருமுறை பார்த்துவிடலாம். பட்டியல் முழுமையானதல்ல, என் விருப்பு வெறுப்புகளும் இதில் உண்டு.

வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து தொடங்குவோம். 2007இல் ரமலான் மாதத் தொடராக ஆரம்பித்த 'உப்பின் இப்பின்' நம் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் ராஜூ இருக்கிறான். 'போபோய்போய்' தொடரிலும் 2016இல் வந்த அதன் முதல் திரைப்படத்திலும் கோபால் இருக்கிறான். எந்தப் பொருளையும் தின்பண்டமாக மாற்றும் சக்தி கொண்ட பயந்தாங்கொள்ளி. இருவரையும் எனக்குப் பிடிக்கும். மலேசியத் திரையில் தமிழ் முகமே இல்லாத காலத்தை நினைத்தால் இவர்கள் வந்தது நல்லதுதான். ஆனால் கதை பெரும்பாலும் இவர்களுடைய ஆசையைப் பிடித்துக்கொண்டு நகர்வதில்லை. நண்பனுக்குத் துணை நிற்பதும் சிரிக்க வைப்பதுமே இவர்கள் வேலை. பள்ளி நாடகத்தில் வேடம் பிரிக்கும்போது நம் பையன்கள் தாமாகவே கோமாளி வேடத்துக்குக் கை தூக்குவதைக் காணும் ஆசிரியர்கள் இதை யோசிக்கலாம்.

ஹாலிவுட்டுக்குத் தனித்தன்மை பிடித்த பொருள். 'ஹேப்பி ஃபீட்' (2006) படத்தில் பென்குயின்கள் ஒவ்வொன்றுக்கும் மனதிலிருந்து எழும் ஒரு பாட்டு உண்டு. மம்பிளுக்கு மட்டும் பாட வராது, கால்கள் தாமாக ஆடும். 'என்காந்தோ'வில் (2021) குடும்பத்தின் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் ஏதோ ஒரு வரம் கிடைத்திருக்க, மிராபெலுக்கு மட்டும் ஒன்றுமில்லை. இரண்டும் பிள்ளைகளை உட்கார வைக்கும் படங்கள். இரண்டிலும் எனக்கு ஒரே குறை. ஊரோடு ஒத்துப்போகாத பிள்ளை கடைசியில் ஊரைக் காப்பாற்றியாக வேண்டும். மம்பிளின் ஆட்டத்தால்தான் பென்குயின் கூட்டத்துக்கு மீன் திரும்பக் கிடைக்கிறது. மிராபெலால்தான் குடும்பம் பிழைக்கிறது. அப்புறம்தான் எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள். ஊருக்கு உபயோகப்படாத ஆட்டமாக இருந்திருந்தால் மம்பிளை என்ன செய்திருப்பார்கள்? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களைவிட நேர்மையான பதில்கள் வரும்.

இந்த வரிசையில் 'டர்னிங் ரெட்' (2022) நமக்கு மிக நெருக்கமானது. 2002ஆம் ஆண்டின் டொராண்டோ நகரம், பதின்மூன்று வயது சீனப் பெண் மெய், குடும்பமே பார்த்துக்கொள்ளும் கோயில், மதிப்பெண்ணிலும் நோட்டுப்புத்தகத்திலும் மூக்கை நுழைக்கும் அம்மா. உணர்ச்சி பொங்கினால் மெய் பெரிய சிவப்புப் பாண்டாவாகிவிடுவாள். பெயரையும் சாமியையும் மாற்றினால் கிள்ளானில் நடக்கக்கூடிய கதை. தோழிகள் நால்வரும் தங்களுக்குப் பிடித்த பாட்டுக் குழுவின் நிகழ்ச்சிக்குப் போக ஆளுக்கு 200 டாலர் சேர்க்க வேண்டும். பாண்டாவோடு படம் எடுக்கக் காசு வாங்கிச் சேர்க்கிறார்கள். ஆசைக்கு ஒரு விலை உண்டு என்பதைச் சொல்லும் குழந்தைப் படம் ஹாலிவுட்டில் அபூர்வம். (சுரங்கத் தொழிலாளியின் மகன் பாலே ஆடும் 'பில்லி எலியட்' அதை இன்னும் ஆழமாகச் சொன்னது. ஆனால் அது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கத் தோதான படமல்ல.)

தமிழ்நாட்டுப் படங்களுக்கு வந்தால் மொழி இடைஞ்சல் இல்லை. வேறொரு இடைஞ்சல் இருக்கிறது. பாண்டிராஜின் 'பசங்க' (2009) பிள்ளைகளைப் பிள்ளைகளாகவே நடக்கவிட்ட படம். அன்புக்கரசுவின் ஆசை மட்டும் பெரியவர்கள் வெட்டித் தந்ததுபோல் இருக்கிறது: பெயருக்குப் பின்னால் ஐ.ஏ.எஸ். ராமின் 'தங்க மீன்கள்' (2013) எழுத்துகளைக் குழப்பிக்கொள்ளும் செல்லம்மாவைப் பற்றியது என்று சொன்னாலும், அழுது தீர்ப்பது அப்பா. நாம் பார்ப்பதும் அப்பாவின் படத்தைத்தான். மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015) தப்பித்தது. தண்டவாளத்தில் சிதறும் கரியைப் பொறுக்கிப் பீட்சாவுக்குக் காசு சேர்க்கும் அண்ணன் தம்பிக்கு அறிவுரை சொல்ல அந்தப் படத்தில் ஆளே இல்லை. அவமானப்பட்டு, அலைந்து, கடைசியில் பீட்சாவைத் தின்றுபார்த்து, ஆயா சுட்ட தோசையே மேல் என்று அவர்களாகவே தீர்ப்புச் சொல்கிறார்கள். சொந்த நாக்கை நம்புவதைவிடத் தனித்தன்மை வேறென்ன இருக்கிறது?

இனி நம் நாட்டுப் படங்கள். அஃப்ட்லின் ஷௌகி, தம்முடைய 'பாப்பாடோம்' என்ற மலாய்ப் படத்தைத் தமிழில் 'அப்பளம்' (2011) என்று எடுத்தார். மகளை விட்டுப் பிரிய முடியாமல் அவள் படிக்கும் இடத்துக்கே வேலைக்குப் போகும் அப்பாவின் கதை. சிரிக்கலாம், மகள் என்ன ஆக விரும்பினாள் என்று பிறகு யோசித்தால் பிடி கிடைக்காது. தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) அதற்கு நேர்மாறு. 1960களின் ரப்பர் தோட்டம், மேலே படிக்க ஆசைப்படும் சாந்தா. நாந்த் நகரின் மூன்று கண்டங்கள் விழாவில் நடுவர் சிறப்புப் பரிசு பெற்ற படம். நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்தில் எப்படி இருந்தார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல படம் இல்லை. நிதானமாக நகரும், பொறுமை வேண்டும்.

அவருடைய அடுத்த படம் 'சலங்கை' (2007). இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். இடம் பிரிக்பீல்ட்ஸ். அம்மா முனியம்மா சாலையோரம் பூமாலை கட்டி விற்கிறாள். மகன் சிவா கார் கழுவும் இடத்தில் வேலை செய்கிறான். சின்னவள் உமாவுக்கு நாட்டியம் கற்க ஆசை. அவ்வளவுதான் கதை.

பிரிக்பீல்ட்ஸின் அந்தக் காலத்தை நினைத்துக்கொண்டால் படம் இன்னும் விளங்கும். 2001இல் கே.எல். சென்ட்ரல் திறந்தது. 2003இல் மோனோரயில் தலைக்கு மேல் ஓடத் தொடங்கியது. 2010இல் பிரதமர்கள் நஜிப்பும் மன்மோகன் சிங்கும் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார்கள். மோனோரயிலுக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் நடுவில் எடுத்த படம் இது. இரயில்வே ஊழியர் குடியிருப்புகளின் பழைய ஊர் கரைந்து, புது ஊர் இன்னும் முழுதாக எழாத இடைவெளி. அதே பிரிக்பீல்ட்ஸ்தான் நம் நாட்டு நாட்டியத்தின் தலைநகரும். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் நிறுவிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அங்கேதான் வளர்ந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அங்கே ஆடக் கற்றிருக்கிறார்கள். பூக்கடையிலிருந்து சலங்கைச் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் உமாவின் ஆசை பிறக்கிறது.

இந்தப் படத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, உமாவின் ஆசைக்கு வில்லனே இல்லை என்பது. ஆடக் கூடாதென்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. குடும்ப மானமோ பழமைவாதத் தகப்பனோ அவளுக்குக் குறுக்கே நிற்கவில்லை. இருப்பது பூ விற்ற காசு, வாடகை, அண்ணனின் சம்பளம், அம்மாவின் களைப்பு. இவற்றுக்கு நடுவில் ஆட்டத்துக்கு இடம் எங்கே? உமா ஆடினால் பிரிக்பீல்ட்ஸ் இடிபடாமல் நிற்கப்போவதில்லை. யாருக்கும் அதனால் மீன் கிடைக்கப்போவதில்லை. அவளுக்குப் பிடித்திருக்கிறது, அது மட்டுமே காரணம். அந்தக் காரணம் போதும் என்று படம் நம்புகிறது. உரக்கச் சொல்லவுமில்லை.

உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி, பத்து வயது, இதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "டான்ஸ் கிளாஸுக்கு மாசம் எத்தன வெள்ளி?" நாட்டிய வகுப்புக் கட்டணம், உடை, அரங்கேற்றம் என்று வந்துவிட்டால் மண்டபம், பக்கவாத்தியம், விருந்து எல்லாம் நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு பேசப்படும் விஷயங்கள். பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. 'உன் மனம் சொல்வதைச் செய்' என்று சினிமா பாணியில் சொல்வதைவிட, 'உன் ஆசை எங்களுக்குப் புரிகிறது, இந்த மாதம் முடியாது, ஏன் முடியாதென்று சொல்கிறோம்' என்று பேசுவது பிள்ளையை மதிக்கும் செயல். அந்தப் பேச்சை ஆரம்பித்துவைக்க 'சலங்கை'யால் முடிகிறது.

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) இதன் இருண்ட மறுபக்கம். 1990களின் தொடக்கம். தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் புறம்போக்குக் குடியிருப்பு. அப்போய்க்குப் பன்னிரண்டு வயது; கற்பனை நிறைந்த குறும்பன். பள்ளிக்கூடம் கேட்பதோ மனப்பாடம். ஆரம்பப்பள்ளி முடிவில் பிள்ளைகள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 1988இல்தான் தொடங்கியிருந்தது. அதில் தேறினாலும் மலாய் போதாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இடைநிலைப் பள்ளி வாசலில் புகுமுக வகுப்பு காத்திருக்கும். பையன் படித்து முன்னேற வேண்டும் என்கிற அப்பா மணியத்தின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அடியில் இல்லை. வகுப்பறையில் மதிப்பில்லாத அவனுடைய துணிச்சலுக்கும் நடிப்புக்கும் குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பாவின் உலகத்தில் மதிப்பிருக்கிறது. தன்னை வெளிப்படுத்த ஓர் இடம் கிடைக்காத பிள்ளை கிடைத்த இடத்தில் வெளிப்படுத்திக்கொள்கிறான். இதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். திரையில் தங்கள் பேச்சுத் தமிழ் அப்படியே ஒலிப்பதைக் கேட்டதும் அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைக் காணலாம். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் உரையாடல் போதாதென்று இப்படம் முதலில் தனிப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பி விதி மாறிய பின் சிறந்த மலேசியப் படமாக வென்றது. பிள்ளைகளிடம் அந்தக் கதையையும் சொல்ல வேண்டும்.

அப்போது கூடவே தள்ளப்பட்ட 'ஓலா போலா' (2016), கால்பந்துக் குழுவின் கோல்காவலர் முத்துவை நமக்குத் தந்தது. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த ஆர். ஆறுமுகத்தை நினைவூட்டும் பாத்திரம். குடும்பமாகப் பார்க்க எளிய, கலகலப்பான படம். ஆழம் கொஞ்சம் குறைவு.

இயக்குநர் யாஸ்மின் அஹ்மட் இல்லாமல் இந்தப் பட்டியல் முடியாது. 'முக்ஷின்' படத்துப் பத்து வயது ஓர்கெட் பையன்களோடு விளையாடுவாள், சண்டை போடுவாள். அவள் வீட்டைப் பற்றி அக்கம்பக்கம் என்ன பேசினாலும் அம்மாவும் அப்பாவும் வாசலில் ஆடுவார்கள். 2007இல் பெர்லின் விழாவின் குழந்தைகள் பிரிவில் பரிசு பெற்றது. அவருடைய கடைசிப் படமான 'டேலண்டைம்' (2009) பள்ளியின் திறமைப் போட்டியைப் பற்றியது. அதில் என்னைக் கவர்பவன் மேடையேறாத மகேஷ். காது கேளாத தமிழ்ப் பையன். போட்டியாளர் மெலூரை மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய்க் கூட்டிவருபவன். கைகளால் அவன் பேசுவது அந்தப் படத்தின் எந்தப் பாட்டுக்கும் குறைந்ததல்ல. போட்டியில் யார் வென்றார் என்று படம் பார்த்தவர்களைக் கேளுங்கள், சொல்ல மாட்டார்கள். யாஸ்மினுக்கு அது பொருட்டாகவும் இருக்கவில்லை.

படம் முடிந்த பிறகு நாம் செய்யும் தவறு ஒன்று உண்டு. "இதிலேர்ந்து என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்கிறோம். நன்னெறிக் கல்வி படித்த பிள்ளை உடனே பரீட்சைக்குத் தயாராகிவிடும்: ஊக்கமுடைமை, அன்புடைமை, மரியாதை. ஒப்பித்து முடிந்ததும் பேச்சும் முடிந்தது. யாரைப் பிடித்தது, யார்மேல் கோபம் வந்தது, அந்த அம்மா செய்தது சரியா, உன்னிடம் யாரும் இப்படி நடந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால் பிள்ளை தன்னைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. பதில் நமக்குப் பிடிக்காததாக இருக்கலாம். "நீயும் அந்த அம்மா மாதிரிதான்" என்று ஒரு பிள்ளை சொன்னால் மறுக்காமல் கேட்டுக்கொள்ள முடிகிற பெற்றோருக்குத்தான் இந்தப் படங்களால் பயன்.

ஒரு காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டி, பாய் விரித்து, எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்தார்கள். இன்று தமிழ்ப்பள்ளிகளில் மண்டபம் இருக்கிறது, புரொஜெக்டர் இருக்கிறது, பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள சங்கங்கள், இயக்குநர்களிடம் முறையாக அனுமதி பெற்று, அவர்களுக்குரிய தொகையைக் கொடுத்து, தவணைக்கு ஒரு மலேசியத் தமிழ்ப் படத்தையாவது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சேர்த்துத் திரையிட வேண்டும். படம் முடிந்ததும் அரை மணி நேரம் பிள்ளைகள் மட்டும் பேசட்டும். தலைவர் உரையும் நன்றியுரையும் அன்றைக்கு வேண்டாம்.