மாணவர் தோழமைக் கழகங்கள்: புகழும் பயனும்

திருவள்ளுவர் நட்பின் இயல்பை ஓர் அதிகாரத்தோடு முடித்தாரல்லர். 79ஆம் அதிகாரத்தில் நட்பைக் கூறியவர், அதனையடுத்து நட்பாராய்தலை வைத்தார். பழைமையை அதன்பின் வைத்தார். தீ நட்பும் கூடா நட்பும் அவற்றைத் தொடர்ந்து நிற்கின்றன. இவ்வைப்புமுறை எண்ணத்தக்கது. நட்பு உயர்ந்தது என்று கூறியவுடனேயே, அதனை ஆராய்க என்ற அறிவுரையும் பிறக்கின்றது. மேலும், நெடுங்காலப் பழக்கத்தால் வரும் உரிமையைப் பேசும் பழைமை, ஆராய்தலுக்கு முன்னன்றிப் பின்னரே இடம்பெறுகின்றது. ஆராயப்பட்ட நட்பே பழைமை என்னும் உரிமையைக் கோரலாம் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வளவுகோல் தனிமனிதர் நட்புக்கு மட்டும் உரியதன்று; மாணவர் கூடி அமைக்கும் தோழமைக் கழகங்களுக்கும் பொருந்தும். கல்லூரி வாழ்வில் இக்கழகங்களுக்குப் புகழ் மிகுதி. பழைய மாணவர் ஒன்றுகூடும் இடங்களில், கற்ற பாடத்தைப் பற்றிய நினைவினும் உடனிருந்த தோழரைப் பற்றிய நினைவே முந்தி எழும். ஆயின் புகழ் வேறு, பயன் வேறு. ஒரு கழகத்தின் புகழை அதன் உறுப்பினர் பேசுவர். அதன் பயனுக்குச் சான்று கூறவேண்டியவர் அதன் வாயிலில் வந்து நிற்கும் புதியவர். நோட்டன் பிரிட்ஜ் போன்ற தோட்டப்புறத்து ஊரொன்றிலிருந்து, தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகும் மாணவனை அவ்வாயிலில் நிறுத்திப் பார்க்கும்போதே இவ்வேறுபாடு தெளிவாகும்.

தோழமைக் கழகம் என்னும் அமைப்பு ஐக்கிய அமெரிக்க நாட்டில் தனியொரு வடிவம் பெற்றது. 1776ஆம் ஆண்டில் வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர் சிலர் பை பீட்டா கப்பா என்னும் கழகத்தை நிறுவினர். கிரேக்க எழுத்துக்களாலான பெயர், உறுதிமொழி, மறைவான சடங்குகள் ஆகிய பின்னாளைய வழக்கங்கள் பலவற்றுக்கு அதுவே முன்மாதிரியாயிற்று. ஆயினும் அவர்கள் மறைவாகக் கூடியது சொற்போர் நிகழ்த்துதற்கும் தடையின்றிச் சிந்தித்தற்குமே. 1831இல் ஹார்வர்டிலிருந்த அதன் கிளை மறைவை விட்டொழித்தது. இன்று அப்பெயர் கல்வித் திறனுக்குரிய பெருமதிப்பாக விளங்குகின்றது. மறைவைத் துறந்தமையால் அக்கழகம் சிறுமையுற்றதில்லை, மாறாக, உயர்ந்தது.

1825இல் யூனியன் கல்லூரியில் தோன்றிய கழகத்தை ஒட்டி வளர்ந்தவை வேறு வகையின. கூடியுண்ணல், களித்தல், ஒரு மனையில் வாழ்தல் என்பன அவற்றின் முதன்மை நோக்கங்களாயின. அவற்றுள்ளும் ஒரு பிரிவை வேறாக வைத்து மதித்தல் வேண்டும். 1906இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் எழுவர் ஆல்பா பை ஆல்பா என்னும் கழகத்தை அமைத்தனர். தம்மைப் புறத்தே நிறுத்திய சூழலில் ஒருவரையொருவர் தாங்குதற்கென அவர்கள் கூடினர். மார்ட்டின் லூதர் கிங் பின்னாளில் அக்கழகத்தின் உறுப்பினரானார். எனவே, தனித்துக் கூடுதல் தன்னளவிற் குற்றமன்று. வலியவர் தம் வலிமையைக் காத்தற்குக் கூடுவதும், நலிந்தவர் நிமிர்தற்குக் கூடுவதும் ஒருதன்மையனவல்ல. ஆயின் எக்கழகமாயினும், புதியவரைத் துன்புறுத்திச் சேர்த்துக்கொள்ளும் சடங்கு அதனுள் நுழைந்துவிடின் கேடு விளையும். அச்சடங்கினால் அந்நாட்டில் மாணவர் பலர் உயிரிழந்துள்ளனர். கல்லூரிகள் இத்தகைய நிகழ்ச்சிகளை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும் என 2024இல் அங்கே நடுவண் அரசின் சட்டமொன்று பிறந்தது.

இலங்கையில் கிரேக்கப் பெயர் தாங்கிய கழகங்கள் வேர்கொள்ளவில்லை. எனினும் பொருள் இல்லாமற் போயிற்றென்று கூறவியலாது. 1942இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனையில் விடுதி வாழ்வோடு கூடிய வளாகமாக மலர்ந்தது. இராமநாதன், அருணாசலம் முதலியோர் பெயர் தாங்கிய விடுதி மண்டபங்களில் மாணவர் உடனுறைந்தனர். விடுதியும், ஒரே ஆண்டிற் புகுந்தோர் தொகுதியும், சங்கங்களுமே இந்நாட்டு மாணவரின் தோழமைக் கழகங்களாயின.

இவற்றால் விளைந்த நன்மை சிறிதன்று. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ என்னும் ஆண்டிதழ் மாணவர் எழுத்துக்கும் ஆய்வுக்கும் களமாயிற்று. 1960களின் தொடக்கத்தில் பேராதனை மாணவர் தம் சிறுகதைகளைத் தொகுத்து வெளியிட்ட ‘கதைப்பூங்கா’ ஈழத்துச் சிறுகதை வரலாற்றில் இடம்பெற்றது. வளாகத்துக் குன்றில் எழுந்த குறிஞ்சிக்குமரன் ஆலயம் இந்து மாணவரின் கூட்டுறவுக்கு இன்றும் உறைவிடமாக உள்ளது. இவை மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை காணப்படும். இதழைப் படிப்பவர் சங்க உறுப்பினராயிருத்தல் வேண்டுவதில்லை. ஆலயத்தில் வழிபடுவோரை எவ்வாண்டு புகுந்தவர் என்று எவரும் வினவுவதில்லை. கூடியவர் தம் கூட்டத்தைக் கடந்த ஒன்றைச் செய்து வைத்தனர்.

மற்றொரு பக்கமும் உண்டு. பகிடிவதை என இந்நாட்டுத் தமிழர் வழங்கும் கொடுமை, தோழமையின் பெயராலேயே நிகழ்வது. 1975இல் பேராதனையில் மாணவி ஒருவர் அதற்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்து, நடக்கும் ஆற்றலை இழந்தார். 1997இல் அதே வளாகத்தில் பொறியியல் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மறு ஆண்டில், 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கி, இரண்டு ஆண்டு வரையிலும், கொடுங்காயம் போன்றவை விளையின் பத்து ஆண்டு வரையிலும் கடூழியச் சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்தது. தமிழ்நாட்டிலும் 1996இல் மருத்துவ மாணவர் ஒருவர் கொலையுண்டபின் 1997இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்தபின்னும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை. அதனை விரும்புவோர் சில காரணங்களைக் கூறுவதனால், அவற்றை ஆராய்தல் கடனாகின்றது.

பகிடிவதை செல்வர்க்கும் வறியவர்க்கும் உள்ள வேறுபாட்டை நீக்கிச் சமன் செய்கின்றது என்பது முதற் காரணம். புறத்தோற்றத்தில் இஃது உண்மை போலும். யாவரும் ஒருவகை உடை உடுத்து, ஒருவகை இழிவை ஏற்கின்றனர். ஆயினும் இழிவு ஒன்றாயினும், அதனைத் தாங்கும் தோள்கள் ஒன்றல்ல. செல்வர் வீட்டுப் பிள்ளை மனமுடைந்து வெளியேறின் கட்டணக் கல்லூரியோ வெளிநாடோ அவனுக்குக் காத்திருக்கும். லயத்து அறையிலிருந்து வந்தவன் வெளியேறின் அவனுக்குத் திரும்பிச் செல்லும் வழி ஒன்றே. மேலும், புகுமுக மாணவர் ஆங்கிலத்திற் பேசலாகாது என்னும் கட்டளை பல வளாகங்களில் வழங்கிவந்தது. வீட்டிலேயே அம்மொழியைக் கற்றவனுக்கு அதனால் இழப்பில்லை. நூலகத்து நூல்களைப் படித்தற்கு அம்மொழியை இனித்தான் பழகவேண்டியவனுக்கே இழப்பு. சமன் செய்வதாகக் கூறும் வழக்கம் ஈண்டு ஏற்றத்தாழ்வைப் பேணுகின்றது.

ஒற்றுமையை வளர்க்கின்றது என்பது இரண்டாவது காரணம். ஒரே அச்சத்துக்கு உள்ளானோர் நெருங்குதல் இயல்பே. வெள்ளத்தில் ஒரு மரக்கிளையைப் பற்றியோரும் நெருங்குவர். ஆயின் அந்நெருக்கம் வெள்ளத்துக்கு நன்றி கூறுதற்குரிய காரணமாகாது. மேலும், அவ்வொற்றுமையின் எல்லை குறுகியது. பகிடிவதையை ஏற்க மறுத்தவன் விடுதியிலும் உணவகத்திலும் தனித்து விடப்படுகின்றான். சிங்கள மாணவர் வழக்கில் அவனுக்கு உருளைக்கிழங்கைக் குறிக்கும் ‘அல’ என்பது இகழ்பெயர். உருளைக்கிழங்கு விளைத்து உண்ணும் நுவரெலியா மாவட்டத்தார்க்கு இப்பெயர் இகழ்ச்சியாகத் தோன்றாமற் போகலாம்; தனிமை மட்டும் யாவர்க்கும் ஒன்றே. ஒருவனை விலக்கியே தன்னை நிலைநிறுத்தும் ஒற்றுமை கூடா நட்பின்பாற்படும்.

பழைய மரபு என்பது மூன்றாவது காரணம். இதற்கு விடை தொடக்கத்திற் காட்டிய அதிகார வைப்பிலேயே உள்ளது. ஆராயப்படாத பழைமைக்கு உரிமை இல்லை. நேற்றுத் துன்புற்றவன் இன்று துன்புறுத்துதலை மரபு என்று கூறுவது, பட்ட கடனைக் கொடுத்தவனிடம் தீர்க்காது அடுத்து வந்தவனிடம் அறவிடுதலை ஒக்கும்.

இதற்கு மாறான தோழமை ஈழத்தில் இருந்ததில்லையோ எனின், இருந்தது. 1924இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது. பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கிய ஹன்டி பேரின்பநாயகம் அதனை முன்னின்று நிறுவினார். சைவரும் கிறித்தவரும் அதில் ஒன்றாக இருந்தனர். தாய்மொழிக் கல்வி, நாட்டு விடுதலை, சாதி வேற்றுமை ஒழிப்பு என்பன அவர்தம் குறிக்கோள்கள். 1927இல் காந்தியடிகள் அவர்களது அழைப்பையேற்று யாழ்ப்பாணம் வந்தார். 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அவர்கள் விடுத்த வேண்டுகோளால் வடக்கில் நான்கு இடங்கள் வெறுமையாயின.

இப்பகிஷ்காரமே அவர்களுக்குப் பெரும்புகழ் தந்தது. ஆயினும் அதன் விளைவைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதன்பின் காங்கிரசின் செல்வாக்குத் தளர்ந்ததும் உண்மை. புகழின் பேரொலியில் மறைந்த பணி வேறொன்று. பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையிலன்றி ஏனையோரோடு ஒரே ஆசனத்தில் அமர்தல் வேண்டும் என்பதற்கு எதிர்ப்பு மூண்ட காலத்தில், சம ஆசனத்தையும் சமபோசனத்தையும் அவர்கள் ஆதரித்து நின்றனர். தமக்கு ஏற்கெனவே ஆசனம் இருந்தும், ஆசனம் இல்லாதவனுக்காக வாதாடிய தோழமை அது. வெறுமையான நான்கு இடங்களைவிட, நிரம்பிய அவ்வாசனங்களே அக்கழகத்தின் பயனுக்குச் சான்று.

ஆசனம் இல்லாதவன் என்னும் சொல் மலையகத்துக்கு நெடுங்காலம் பொருந்தியிருந்தது. 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் நிழலுக்கு வெளியே நின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவிற் பொறுப்பேற்றது 1970களிலேயே. அதனால் மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் செல்பவனுக்கு வழிகாட்டத் தந்தையோ தமையனோ அங்குப் பயின்றிருத்தல் அரிது. எப்பாடத்தைத் தேர்வது, உதவிப்பணத்துக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, விரிவுரையை எங்ஙனம் குறிப்பெடுப்பது என்பனவற்றைப் பிறர் வீட்டில் அறிந்து வருகின்றனர். அவன் மூத்த மாணவரிடமே அறிதல் வேண்டும். ஆதலின் தோழமைக் கழகம் ஏனையோர்க்கு அணிகலன், அவனுக்கு ஊன்றுகோல். அவ்வூன்றுகோலே அடிக்கும் கோலாக மாறுமாயின் வீழ்பவன் ஒருவனல்லன். அவனைப் பின்தொடர எண்ணியிருந்த தோட்டத்துப் பிள்ளைகளும் வழியிலேயே நின்றுவிடுவர்.

நோட்டன் பிரிட்ஜ் ஊரே இதற்கோர் உவமை தருகின்றது. அங்கே கெஹெல்கமு ஓயாவின் நீர் அணையால் தடுக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கவழி சென்று லக்சபானவில் மின்வலுவாகின்றது. அந்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரால் இயங்கும் விமலசுரேந்திர நிலையமும் 1965இல் நோட்டன் பிரிட்ஜில் எழுந்தது. அங்குப் பிறந்த ஒளி கொழும்பு நகரை அடைந்தது. சூழவுள்ள தேயிலை மலைகளின் லயங்களிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. கல்வி பெற்றோரின் தோழமையும் இவ்வாறு ஆதல் கூடும். தொலைவில் விருந்து மண்டபங்களை ஒளிசெய்து, தான் பிறந்த சரிவை இருளில் விடும் தோழமைக்குப் புகழ் இருக்கும், பயன் இராது.

எனினும் அணையைப் பழித்தல் தகாது. தேக்கப்படாத நீருக்கு ஆற்றல் இல்லை. நெருங்கிக் கூடாத மாணவரும் அத்தன்மையரே. விடுதியறையின் இரவுப் பேச்சும், ஒருவர் நோயுற்றபோது மற்றவர் காத்திருத்தலும், தேர்வுக் காலத்துக் கூட்டுப் படிப்பும் அந்நீரைத் தேக்குவன. தேங்கியபின் அது பாயவேண்டும் என்பதே கேட்கத்தக்கது. விடுமுறையில் ஊர் திரும்பும் பல்கலைக்கழக மாணவர், உயர்தரத் தேர்வெழுதுவோர்க்குக் கட்டணமின்றி வகுப்பெடுக்கும் வழக்கம் மலையகத்திற் காணப்படுகின்றது. பெயர்ப்பலகையும் சின்னமும் இல்லாத அக்கூட்டமே தோழமைக் கழகங்களுள் தலைசிறந்தது எனல் மிகையாகாது.

சைவ மரபிலும் இக்கருத்துக்கு இடமுண்டு. சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் தனியடியாரோடு தொகையடியார் ஒன்பதின்மரையும் வைத்தார். அவற்றுள் அப்பாலும் அடிச்சார்ந்தார் என்பது ஒரு தொகை. தமிழ் வழங்கும் நாட்டுக்கு அப்பாலும், முன்னும் பின்னுமாகிய காலங்களிலும் திருவடி சார்ந்தோர் யாவரும் அதில் அடங்குவர். தாம் கண்டிராதவரையும், இனிப் பிறக்க இருப்பவரையும் தம் கூட்டத்தவராக எண்ணிய உள்ளம் அது. அடியார் கூட்டத்தின் பெருமை, வாயிலை அடைத்துக் காத்த பெருமையன்று.

மாணவர் கழகம் ஒவ்வொன்றும் இதனையே தனக்கு உரைகல்லாகக் கொள்ளுதல் தகும். தனக்கு எத்துணை உறுப்பினர் உளர் என்பதும், ஆண்டு விழா எத்துணைச் சிறப்பாக நிகழ்ந்தது என்பதும் புகழின் கணக்கு. இவ்வாண்டு அச்சத்தோடு வளாகம் புகுந்தவருள் எத்தனை பேர் அச்சம் நீங்கினர், அவருள் எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறினர், அவர்தம் ஊரிலிருந்து அடுத்த ஆண்டு எத்தனை பேர் வந்தனர் என்பன பயனின் கணக்கு. முதற் கணக்கு மலரில் அச்சாகும். இரண்டாவது கணக்கை, நோட்டன் பிரிட்ஜில் தன் பிள்ளையைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் தேயிலை மலைக்குத் திரும்பும் தாய் ஒருத்தி தன் நெஞ்சில் எழுதிவைப்பாள்.