வாடைக்காற்று வெளிவந்த வருடம்

நான் பிறந்தது 1973இல். அந்த வருடம் எங்கட பக்கத்து ஆட்கள் எந்தப் புத்தகங்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்று அண்மையில் தேடியபோது, முதலில் வந்து நின்றவை வீரகேசரிப் பிரசுரங்கள் இரண்டு. ஒன்று அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, மற்றது செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. அது வன்னிக் காடு, இது நெடுந்தீவுக் கடல். இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த காலம் அது. குமுதமும் கல்கியும் முன்போல வராத இடைவெளியில்தான் உள்ளூர் நாவல் சாதாரண வாசகனின் கைக்கு வந்து சேர்ந்தது.

வாப்பா யாழ்ப்பாணம் டவுனில் தையற்கடை வைத்திருந்தார். உம்மாவுக்கு ஊர் நயினாதீவு. தீவார் துணி கொடுத்துவிட்டு, லோஞ்சுக்கு நேரம் பார்த்துக்கொண்டு கடை வாங்கிலில் இருப்பார்கள். அவர்களில் யாரோ மறந்துவிட்டுப் போன ‘வாடைக்காற்று’ எங்கட அலுமாரியில் கிடந்தது. பதினைந்து வயதில் ஒரே இரவில் வாசித்து முடித்தேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதில் புத்தகம் எடுக்க யாருக்குத் தோன்றும்? இப்போது புத்தளத்தில் இருந்துகொண்டு, நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கித்தான் மறுபடி வாசித்தேன்.

எழுதியவர் புவியியல் பட்டதாரி என்பது நாவல் முழுவதும் தெரிகிறது. காற்று இங்கே வெறும் வர்ணனை அல்ல. வாடை பிறந்தால் வெளியூர்ச் சம்மாட்டிமார் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி போடுவார்கள். பருவம் முடிந்தால் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட வேண்டும். செமியோனும் மரியதாஸும் அப்படி வருகிறவர்கள். நாகம்மா தீவுப் பெண். ஆகவே இந்தக் கதையில் காதலுக்கும் பகைக்கும் ஒரு தவணை இருக்கிறது. அந்தத் தவணைதான் நாவலை இன்றைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. தொழிலைத் தொழிலாகவே எழுதியிருப்பதும் பெரிய பலம். மீன் பிடிக்கிறவன் கவிதை பேசிக்கொண்டு நிற்பதில்லை, வேலை செய்கிறான்.

குறை இல்லாமல் இல்லை. காதல் காட்சிகளில் சினிமா வாடை கொஞ்சம் தூக்கல்தான். 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் அதைப் படமாகவே எடுத்தார், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைவிட அவர்களை ஆண்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதே பக்கங்களை நிரப்புகிறது.

ஆனால் இந்த முறை என்னை உலுப்பியது வேறு விஷயம். பதினைந்து வயதில் நான் தீவாரின் பக்கம் நின்று வாசித்தேன். உம்மாவின் ஊர் அல்லவா. ‘வந்தான் வரத்தான்’ நம்மட கரையில் வாடி போட்டால் கோபம் வராதா? இப்போது வாசிக்கும்போது, என்னை அறியாமலே வாடிக்குள் இருக்கிறேன். பிறருடைய கரையில் குடில் போட்டு, ‘எப்ப திரும்பிப் போறீங்க?’ என்ற கேள்விக்கு முப்பது வருடத்துக்கு மேலாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவனுக்குச் செமியோனின் பக்கம்தான் விளங்குகிறது. நாவல் மாறவில்லை, நான் இருந்து வாசிக்கும் இடம் மாறிவிட்டது.

இதன் முதன்மைப் பாத்திரங்களில் முஸ்லிம் எவரும் இல்லை. அதற்காக ஆசிரியரோடு வழக்குப் பேச முடியாது, அவர் எடுத்துக்கொண்ட கதை அது. கேள்வி நம்மட பக்கம் திரும்புகிறது. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வெளிநாட்டார் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. யானை, குதிரை ஏற்றிய கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வாணிபச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. குதிரை வணிகத்தில் அரபிகளின் பங்கு வாசகர் அறிந்ததே. இத்தனை பழைய கடற்கரை இது. அந்தத் தீவின் பள்ளிவாசலைச் சுற்றி நடக்கும் ஒரு நாவலை நான் இன்னும் வாசித்ததில்லை.

அதே 1973 நவம்பரில்தான் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் மறைந்தார். செங்கை ஆழியானைப் போல அவரும் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற அவருடைய ‘இலங்கையில் இஸ்லாம்’ எங்கட அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது, நாவல் கீழ்த்தட்டில். அந்த வரிசையை வீட்டில் யாரும் மாற்றத் துணியவில்லை. வரலாறு, பயணம், சொற்பொழிவு எல்லாம் மேலே, கதை கீழே. அஸீஸ் எகிப்தைப் பற்றியும் கிழக்காபிரிக்காவைப் பற்றியும் நல்ல தமிழில் எழுதினார். குறிகட்டுவானுக்கு அப்பால் இருந்த நம்மட வீடுகளை எழுத வேண்டியது அவருக்குப் பின்னால் வந்தவர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன மாதம் உம்மாவுக்குச் சில பக்கங்கள் வாசித்துக் காட்டினேன். கண் மூடிக்கொண்டு கேட்டா. “காத்தப் பத்திச் சரியாத்தான் எழுதியிருக்கார். ஆனா உங்கட வாப்பா மாப்பிள்ளையா வந்த நாள் இதைவிடக் காத்து. வள்ளத்தில சத்தி எடுத்துக்கொண்டே வந்து, நிக்காஹ்வுக்கு இருந்த மனுசன்” எண்டா. அதை உடனே ஒரு துண்டில் எழுதி எடுத்துக்கொண்டேன். புத்தகத்தை வரும் வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.